அம்மை கண்ட ஊரில் ஓடாமல் நின்றவர்

மன்னார்க் கரைக்குக் கடல்வழியாக வந்தவர்கள் ஏராளம். முத்துக்காக வந்தார்கள், யானை ஏற்ற வந்தார்கள், கோட்டை கட்ட வந்தார்கள், கோட்டையைப் பிடிக்க வந்தார்கள். 1687இல் வந்த ஒருவரிடம் மட்டும் இவற்றில் எந்த நோக்கமும் இருக்கவில்லை. கூலியாளைப்போல அழுக்குத் துணி உடுத்து, ஒரு துணையாளுடன், புயலில் சிக்கிய தோணியொன்றில் பட்டினியோடு வந்து கரை ஒதுங்கினார். அவர் பெயர் ஜோசப் வாஸ்.

இன்று அந்தப் பெயரை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் எங்கள் கரையோரத்தில் இல்லை. மன்னார்த்தீவில் அவர் பெயரில் ஒரு குடியிருப்பே உண்டு. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை இலங்கையின் முதலாவது புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்ததையும் பலர் நேரில் கண்டோம். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் அந்த வெயிலில் காத்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கத்தைக் காப்பாற்றிய குரு என்றே அவரைப் பற்றிப் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. 1697இல் கண்டியில் பரவிய பெரியம்மையின்போது அவர் செய்தது இரண்டு வரிகளில் முடிந்துவிடும். கொரோனா காலத்தைத் தாண்டி வந்த பிறகு, அந்த இரண்டு வரிகளை விரித்துப் படிக்கவேண்டிய தேவை இருக்கிறது. சமயத்தால் அவரோடு தொடர்பில்லாதவர்களுக்கும் அதில் சொல்ல ஒன்று உண்டு.

கோவாவிலிருந்து தூத்துக்குடி வரை

ஜோசப் வாஸ் 1651 ஏப்ரல் 21 அன்று கோவாவில் பெனாலிம் என்ற ஊரில் பிறந்தவர். வீட்டில் பேசியது கொங்கணி. பிராமணக் குலத்திலிருந்து கத்தோலிக்கரான குடும்பம். 1676இல் குருவானார். கோவா அப்போது போர்த்துக்கீசரின் ஆட்சியில் இருந்தது. தேவாலயத்துக்குள்ளும் வெள்ளையருக்கு ஒரு தட்டு, உள்ளூர்க் குருமாருக்கு ஒரு தட்டு என்ற நிலைமை. அந்தச் சூழலில் உள்ளூர்க் குருமார் சிலர் தங்களுக்கென அமைத்துக்கொண்ட சபையில் அவர் 1685இல் சேர்ந்தார். அந்தச் சபையும் சாதியைக் கடந்ததாக இருக்கவில்லை. பிராமணக் குருமாரையே அது சேர்த்துக்கொண்டது. இதையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இலங்கையில் நடந்துகொண்டிருந்தது அவர் காதுக்கு எட்டியது. 1656இல் கொழும்பையும் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். குரு ஒருவரை ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. பிள்ளைக்கு ஞானஸ்நானம், கலியாணப் பதிவு எல்லாம் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையில்தான். மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு 20 குடும்பங்கள் காட்டுக்குள் போய் மருதமடுவில் குடியேறியது 1670 அளவில் என்று மடுவின் மரபு சொல்கிறது. கும்பிடும் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுவழி நடப்பது எங்கள் மண்ணில் 2008இல் தொடங்கிய கதையல்ல.

ஏறக்குறைய 30 வருடங்களாக ஒரு குருவும் எட்டிப்பார்க்காத அந்த மக்களிடம் போகவேண்டும் என்று வாஸ் முடிவெடுத்தார். ஐரோப்பியர் ஒருவர் வந்தால் உடனே பிடிபடுவார். நிறத்தாலும் தோற்றத்தாலும் இந்த மக்களுக்குள் கலந்துவிடக்கூடிய ஒருவரால்தான் அது முடியும். 1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். கூட வந்தவர் ஜோன் என்ற பணியாள். நடந்தும் தோணியிலும் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து அடுத்த வருடம் கடல் ஏறினார்கள்.

முதலில் நோயாளி ஆனவர் அவர்தான்

புயலில் அலைந்த தோணி மன்னாரில் ஒதுங்கியது. பிறகு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள். குடிக்க நல்ல தண்ணீரில்லாத, உண்ண உணவில்லாத பயணம் அது. யாழ்ப்பாணத்தில் கால் வைத்ததும் வாஸ் அடிகளாருக்குக் கடுமையான வயிற்றுளைவு பிடித்தது.

அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார்கள். இது தொற்றும் நோய் என்று ஊரார் பயந்தார்கள். நோயாளியை ஊர் எல்லைக்கு அப்பால், பற்றைக்காட்டு ஓரமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பார்த்துக்கொள்ளப் போன ஜோனும் படுத்துவிட்டார். பெயர் தெரியாத ஒரு பெண் தினமும் கஞ்சி கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அந்தக் கஞ்சியால்தான் இருவரும் எழுந்தார்கள்.

வயிற்றுளைவுக்கு அன்று மருந்தென்று பெரிதாக ஒன்றும் இல்லை. உடலிலிருந்து போகிற தண்ணீரையும் உப்பையும் திரும்பக் கொடுத்தால் பெரும்பாலானோர் பிழைத்துவிடுவார்கள் என்பது இன்று எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் தெரியும். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் அந்த வேலையை அன்றே செய்தது. தொற்றுக்குப் பயந்து ஒதுக்கியவர்களும், தொற்றுக்குப் பயப்படாமல் சட்டி தூக்கிவந்த ஒருத்தியும் ஒரே ஊரில்தான் இருந்தார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு கண்டியில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு, இந்தப் பற்றைக்காட்டு நாட்கள் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் கழுத்தில் செபமாலை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டார் முகம் மாறுகிறது என்று பார்ப்பது அவருடைய உபாயம். அப்படித்தான் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலை மக்கள் அவரை ஒளித்து வைத்தார்கள். பூசை இரவில்தான். ஒல்லாந்தரின் தேடுதல் இறுகியபோது புத்தளத்துக்கு மாறினார். புத்தளம் அப்போது கண்டி அரசனின் ஆட்சிக்குள் இருந்தது. அங்கிருந்து 1692இல் கண்டிக்குப் போனார். போன கையோடு, போர்த்துக்கீச ஒற்றன் என்று ஒருவர் கோள் மூட்ட, சிறையில் போட்டார்கள். சிறையிலிருந்தே சிங்களம் படித்தார். மெல்ல மெல்ல இரண்டாம் விமலதர்மசூரியனின் நம்பிக்கையைப் பெற்றார்.

1697: வெறிச்சோடிய கண்டி

பெரியம்மையைப் பற்றி இன்றைய தலைமுறைக்கு நேரடி அனுபவம் இல்லை. எங்களுக்குத் தெரிந்த அம்மாள் வருத்தம் கொப்பளிப்பான்தான். பெரியம்மை அதைவிடப் பல மடங்கு கொடியது. வைரஸ் உடலுக்குள் போய் ஏறக்குறைய 12 நாள் ஒன்றும் தெரியாது. பிறகு கடும் காய்ச்சல், முதுகுவலி. அதன்பின் முகத்திலும் கை கால்களிலும் கொப்பளம் நிறைந்துவிடும். பிடித்தவர்களில் பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்கு முகத்தில் தழும்பு. பலருக்குக் கண் போனது. கொப்பளத்தின் கடைசிப் பொருக்கு உதிரும்வரை தொற்றும். நோயாளியின் பாயும் துணியும்கூடத் தொற்றும்.

கண்டி இராச்சியத்தில் அதற்கிருந்த பயத்தை வாஸ் வருவதற்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 1660இல் மூதூர்ப் பக்கம் பிடிபட்டு 19 வருடங்கள் கண்டியில் கைதியாகக் கிடந்த ரொபர்ட் நொக்ஸ்தான் அவர். 1679இல் தப்பி, அருவியாற்றை ஒட்டிக் காடு வழியே இறங்கி, எங்கள் அரிப்புக் கோட்டையில் வந்து சேர்ந்தவர். மற்ற நோய்களுக்கு மந்திரம், தாயத்து என்று முயலும் மக்கள், அம்மை என்று வந்தால் அவை எதுவும் பலிக்காது என்று கைவிட்டுவிடுவார்கள் என்ற பொருள்பட அவருடைய நூல் சொல்கிறது. காடும் மலையும் அரணாக இருந்த அந்த இராச்சியத்துக்கு வெளியார் வருவது குறைவு. ஆகவே அம்மையும் எப்போதாவதுதான் வந்தது. வந்தபோது, முன்பு அம்மை கண்டு எதிர்ப்புச் சக்தி பெற்றவர்கள் ஊரில் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். காய்ந்த ஓலையில் பட்ட நெருப்பாக அது பரவியதற்கு இது ஒரு காரணமாகலாம்.

1697இல் நடந்ததும் அதுதான். அரசன் தலைநகரை விட்டு விலகினான். பிரதானிகள் போனார்கள். போக வசதியுள்ள எல்லாரும் போனார்கள். கொப்பளம் கண்டவர்களை வீட்டார் காட்டு ஓரத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். செத்தவர்களைத் தூக்க ஆளில்லை.

வாஸ் போகவில்லை. கோவாவிலிருந்து உதவிக்கு வந்திருந்த ஜோசப் கர்வாலியோ என்ற இளம் குருவும் கூட நின்றார். இருவரும் செய்ததில் அதிசயம் என்று சொல்ல எதுவுமில்லை. வீடு வீடாகப் போய் யார் கிடக்கிறார்கள் என்று பார்த்தார்கள். காட்டோரம் விடப்பட்டவர்களுக்குக் குடில் போட்டார்கள். ஆளில்லாத வீடுகளைத் துப்புரவாக்கி நோயாளிகளை அங்கே கொண்டுவந்து ஒன்றாகக் கிடத்தினார்கள். கஞ்சி காய்ச்சினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், புண்ணைக் கழுவினார்கள், அழுக்கை அள்ளினார்கள். இறந்தவர்களைத் தங்கள் கையால் குழி தோண்டிப் புதைத்தார்கள். பௌத்தரா கிறிஸ்தவரா என்று பார்க்கவில்லை. அம்மை தணிய ஒரு வருடம் அளவில் எடுத்தது.

அந்த இருவரிடமும் மருந்து இருக்கவில்லை. ஆனாலும் அவர்கள் செய்தது வீண்வேலை இல்லை. அம்மையில் சாகிற எல்லாரும் அம்மையால் மட்டும் சாவதில்லை. வாய்க்குள் கொப்பளம் போட்டவன் தானாகத் தண்ணீர் குடிக்க முடியாமல் வறண்டு சாகிறான். எழ முடியாத தாயின் பக்கத்தில் பால்குடி பசியால் சாகிறது. புண் அழுகி இன்னொரு தொற்று ஏறிச் சாகிறார்கள். இவற்றைப் பராமரிப்பால் மட்டுமே தடுக்கலாம். நோயாளிகளை ஓரிடத்தில் சேர்த்ததால் மற்ற வீடுகளுக்குப் பரவுவதும் ஓரளவு குறைந்திருக்கும். பிணத்தையும் பாயையும் அகற்றியதும் அப்படியே. ஒதுக்கி வைப்பதற்கும் கைவிடுவதற்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை அந்த வெற்று வீடுகளில் அவர்கள் காட்டினார்கள்.

இதை வாசிக்கும்போது எங்களுக்கு வேறு வீடுகள் நினைவுக்கு வராமல் போகாது. 2009இல் பள்ளிக்கூட வகுப்பறைகளில் தறப்பாள் விரித்து ஆஸ்பத்திரி நடத்திய வைத்தியர்களையும் தாதியரையும் பார்த்தவர்கள் நாங்கள். மருந்து முடிந்த பிறகும் அவர்கள் புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். அதன்பிறகு செட்டிகுளம் மெனிக் பாமில் கிட்டத்தட்ட 3 இலட்சம் பேரை முட்கம்பிக்குள் அடைத்தபோது, கொப்பளிப்பான் கூடாரத்துக்குக் கூடாரம் தாவியது. ஒருவருக்கு வந்தால் அடுத்தவர் விலகிப் படுக்க இடமிருக்கவில்லை. நெருக்கமும் தண்ணீர்த் தட்டுப்பாடும் நோய்க்கு எவ்வளவு உதவும் என்பதை எங்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரத் தேவையில்லை.

அரசனும் அடிகளாரும்

அம்மை அடங்கி அரசன் திரும்பியபோது, ஓடாமல் நின்றவர்கள் யார் என்பது நகரம் முழுக்கத் தெரிந்திருந்தது. அதன்பிறகு இராச்சியம் முழுவதும் சுதந்திரமாக நடமாடி வேலை செய்ய வாஸ் அடிகளாருக்கு அரசனின் ஆதரவு கிடைத்தது. பிக்குமார் சிலரின் எதிர்ப்பு இருந்தும் அது நிலைத்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்தச் சம்பவத்தை நாம் அறிவது பெரும்பாலும் அவருடைய சபையினரின் கடிதங்கள் வழியாகவும் அவற்றைக் கொண்டு எழுதப்பட்ட நூல்கள் வழியாகவும்தான். கண்டியில் கிடந்த நோயாளி ஒருவரின் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. ஓடிப்போனவர்களிலும் எல்லாரும் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட முடியாது. தடுப்பூசியும் மருந்தும் இல்லாத காலத்தில், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நோயூரை விட்டு விலகுவது பலருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு. அந்தத் தொண்டு அவருடைய சமயப் பணிக்கு வழி திறந்தது என்பதும் உண்மை. அதற்காகத்தான் செய்தார் என்று கருதுவோர் ஒன்றை யோசிக்கலாம். ஆதாயம் தேடுபவர் உயிரோடு இருந்தால்தான் அதை அனுபவிக்க முடியும். பத்தில் மூன்று பேர் சாகிற நோய்க்குள் ஒரு வருடம் நிற்பது யாரும் போடக்கூடிய கணக்கில்லை.

பின்னாளில் கோவாவிலிருந்து மேலும் குருமார் வந்தார்கள். புத்தளம், மன்னார், வன்னி, யாழ்ப்பாணம், கிழக்குக் கரை என்று பணி விரிந்தது. 1705இல் தலைமன்னாரில் வந்திறங்கிய யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர். இவர்கள் எல்லாருக்கும் வாஸ் தலைவராக இருந்தாலும் நடப்பது காலால்தான், படுப்பது தரையில்தான். நோன்பும் நடையும் காய்ச்சலும் சேர்ந்து உடலைத் தின்றன. 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். வயது 59.

அம்மைக்கு வந்த முடிவு

அவர் இறந்து 85 வருடங்களுக்குப் பிறகு, 1796இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். 1802இல் அந்தத் தடுப்பூசி இலங்கைக்கு வந்தது. அப்போது ஆளுநராக இருந்தவர் பிரெடெரிக் நோர்த். அரிப்பில் கடல் அரித்துக்கொண்டிருக்கும் அல்லிராணிக் கோட்டை என்று நாம் சொல்லும் கட்டடம் அவருக்காகக் கட்டப்பட்டதுதான். முத்துக்குளிப்புக் காலத்தில் சிலாவத்துறைக் கரையில் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் அம்மையோ வாந்திபேதியோ புகுந்தால் என்னாகும் என்ற பயம் நிர்வாகத்தோடு எப்போதும் இருந்தது.

தடுப்பூசியை எல்லாரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அம்மாள் கோபிப்பாள் என்ற பயம், வெள்ளைக்காரன் கையில் நம்பிக்கையின்மை, ஊசி போட்டால் காய்ச்சல் வருமே என்ற தயக்கம் எல்லாம் பல நாடுகளிலும் இருந்தன. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக ஊர் ஊராகப் போட்ட அந்த ஊசியால்தான் 1980இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. வாஸ் அடிகளார் கையால் கழுவிய புண்கள் இன்று யாருக்கும் வருவதில்லை. அதற்குக் காரணம் ஊசி. அந்த ஊசி வரும்வரை மனிதரைத் தாங்கியது பராமரிப்பு. இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை.

கொரோனாவின்போதும் இதே வரிசையைத்தான் கண்டோம். இலங்கையில் முதல் தடுப்பூசி 2021 ஜனவரி இறுதியில்தான் ஏற்றப்பட்டது. அதுவரை முகக்கவசமும் தனிமையும் தாதியரும்தான். அந்த வருட ஆகஸ்டில் நாளொன்றுக்கு 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், விடுதிகள் நிரம்பி வழிந்தன. நாட்டில் மொத்தம் 16,000க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

இறந்தவர்களுக்கு என்ன செய்தோம்

1697இல் இரண்டு கோவாக்காரக் குருமார் செய்த வேலைகளில் ஒன்று, 2020இல் இந்த நாட்டின் அரசால் செய்ய முடியாத வேலையாகிப்போனது. அது இறந்தவரை அவருக்குரிய முறைப்படி அடக்கம் செய்வது.

கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கலாம் அல்லது எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவை என்று உலக சுகாதார அமைப்பு சொன்ன பிறகும், 2020 ஏப்ரலில் எரிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தையொன்றையும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது. மார்ச் தொடக்கத்தில், புதைக்கும் இடமாக அரசு தெரிவு செய்தது இரணைதீவை. 1992இல் இடம்பெயர்ந்து, 2018இல் தாங்களே தோணியேறித் தங்கள் நிலத்துக்குத் திரும்பிய கத்தோலிக்க மீனவர்களின் தீவு அது. ஒரு சமூகத்தின் காயத்தை இன்னொரு சமூகத்தின் காயத்தின்மேல் கொண்டுவந்து வைக்கும் ஏற்பாடாக அது பட்டது. தீவு மக்கள் எதிர்த்தார்கள். உறவினரை அவ்வளவு தூரம் கடல் கடந்து அனுப்ப முஸ்லிம்களும் விரும்பவில்லை. கடைசியில் மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கிடக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

புதைப்பது என்ன பெரிய விடயம் என்று மன்னாரில் யாரும் கேட்கமாட்டார்கள். திருக்கேதீஸ்வரத்திலும் மன்னார் சதொச வளாகத்திலும் மண்ணுக்குள்ளிருந்து எலும்புகள் எழுந்துவந்த மாவட்டம் இது. முள்ளிவாய்க்காலில் புதைக்காமல் விட்டுவந்தவர்களின் பெயரை ஒவ்வொரு மே மாதமும் சொல்லி அழும் குடும்பங்கள் நாங்கள். துயிலும் இல்லங்கள் உழுது புரட்டப்பட்டதைப் பார்த்தவர்கள். ஒரு பிடி மண் போட முடியாத துயரம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதை நாங்கள் அறிவோம். 1990 ஒக்டோபரில் இந்தக் கரையிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் அயலவர்களுக்கும் மண்ணை இழப்பது என்னவென்று தெரியும். ஆகவே அந்தக் கட்டாய எரிப்பு அவர்களுடைய பிரச்சினை மட்டும் என்று நாம் இருந்துவிட முடியாது.

இன்னொரு தொற்று வரும். எப்போது, என்ன பெயரில் என்பதுதான் தெரியாது. வரும்போது தடுப்பூசி கண்டுபிடிப்பது விஞ்ஞானிகளின் வேலை, அதை மாந்தைக்கும் முசலிக்கும் நேரத்தோடு கொண்டுவருவது அரசின் வேலை. நோயாளியின் வீட்டை வீதியில் போகிறவர்கள் விரல் நீட்டிக் காட்டாமலிருப்பதும், வாசலில் கஞ்சியும் தண்ணீரும் வைப்பதும், இறந்தவரை அவருடைய ஆட்கள் விரும்பியபடி அடக்க விடுவதும் அயலவர்களின் வேலை. யாழ்ப்பாணத்துப் பற்றைக்காட்டில் கஞ்சி வைத்துவிட்டுப்போன பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது.

கண்டியில் எத்தனையோ பேரைத் தன் கையால் புதைத்த ஜோசப் வாஸ் அடிகளாரின் கல்லறை எங்கே இருக்கிறது என்று இன்று யாருக்கும் தெரியாது.